வஞ்சிரம் ஆவடி வந்த கதை



ஞாயிற்றுக்கிழமை மாலை. ஆவடியிலோ, அம்பத்தூரிலோ, பூந்தமல்லியிலோ வசிக்கும் நீங்கள் வீட்டாருடன் மெரினா கடற்கரைக்குப் போயிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அலையில் கால் நனைத்தாயிற்று. மணலில் ஓடி விளையாடிப் பசியும் வந்தாயிற்று. அப்போது காற்றில் வறுத்த மீனின் மணம் வருகிறது. மணம் வந்த வழியே போனால் ஒரு சிறு கடை. மசாலா தடவிச் சிவந்த வஞ்சிரத் துண்டுகள், சங்கரா, நெத்திலி, இறால், கடம்பா எல்லாம் தட்டுகளில் வரிசையாக இருக்கின்றன. நீங்கள் காட்டிய துண்டைக் கடைக்கார அம்மா எடுத்து எண்ணெய் காய்ந்த கல்லில் போடுகிறார். ‘சொய்ங்’ என்று ஓசை எழுகிறது. சில நிமிடங்களில் வெங்காயமும் எலுமிச்சைத் துண்டுமாக ஒரு காகிதத் தட்டு உங்கள் கைக்கு வந்துவிடுகிறது.

முதல் வாய் சாப்பிட்டதும் உங்கள் அப்பா சொல்கிறார்: “நம்ம ஊர்லயும்தான் தள்ளுவண்டியில மீன் வறுத்துத் தர்றாங்க. ஆனா கடலோரம்னா கடலோரந்தான். இங்கே கிடைக்கிறது புது மீனு!”

அப்பா சொல்வது சரியா? கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் தட்டில் புது மீனும், இருபது கிலோமீட்டர் தள்ளி ஆவடியில் இருக்கும் தட்டில் பழைய மீனும்தான் இருக்குமா? சிறிய கேள்விதான். ஆனால் விடை தேடிப் புறப்பட்டால் உயிரியல், வேதியியல், இயற்பியல், வரலாறு எல்லாவற்றையும் தொட்டுவிட்டு வரவேண்டியிருக்கும். புறப்படலாமா?

கடலில் எத்தனை நாள்?

சென்னையில் விற்கும் கடல் மீனில் பெரும்பகுதி காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தின் வழியாக வருகிறது. ஊர் உறங்கிக்கொண்டிருக்கும் விடியற்காலையிலேயே அங்கே ஏலம் நடக்கும். ஏலத்தில் எடுத்த மீனில் ஒரு பகுதி நகரத்துச் சந்தைகளுக்கும் கடற்கரைக் கடைகளுக்கும் போகிறது. இன்னொரு பகுதி வேனிலும் ஆட்டோவிலும் மேற்கு நோக்கிப் பயணப்பட்டு அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிச் சந்தைகளுக்கு வருகிறது. மெரினாத் தட்டில் இருக்கும் வஞ்சிரமும் ஆவடித் தட்டில் இருக்கும் வஞ்சிரமும் ஒரே படகில் வந்தவையாகவே இருக்கலாம்!

இன்னொரு செய்தி உங்களுக்கு வியப்பாக இருக்கும். சிறு படகுகள் அன்றன்றே கரை திரும்புகின்றன. ஆனால் பெரிய விசைப்படகுகள் ஒருமுறை போனால் பல நாட்கள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கின்றன. முதல் நாள் வலையில் விழுந்த மீன், படகு கரைக்கு வரும்போதே பல நாள் பழையது. அதோடு ஒப்பிட்டால் காசிமேட்டிலிருந்து ஆவடி வரும் ஒரு மணி நேரம் எம்மாத்திரம்?

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன்கள் இனப்பெருக்கம் செய்வதற்காக அரசு விதித்திருக்கும் தடை அது. அந்த நாட்களில் கேரளக் கரையிலிருந்து 600 கிலோமீட்டருக்கும் மேல் லாரியில் பயணம் செய்து மீன் சென்னைக்கு வருவதுண்டு. அப்போது மெரினாவில் அமர்ந்து சாப்பிடுபவர், எதிரே கடல் தெரிய, மறு கடலின் மீனைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்!

ஆகவே, கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்பது சரியான கேள்வி அல்ல. பிடிபட்ட நேரத்திலிருந்து கல்லில் விழும் நேரம்வரை அந்த மீன் எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது? இதுவே சரியான கேள்வி. ஏன் என்று பார்ப்போம்.

மீன் ஏன் விரைவில் கெடுகிறது?

உயிருள்ள மீனின் தசைக்குள் நுண்ணுயிர்கள் இருப்பதில்லை. தோலின் வழவழப்பிலும், செவுள்களிலும், குடலிலும் அவை ஏராளமாக இருக்கின்றன. மீன் உயிரோடு இருக்கும்வரை அதன் உடல் அவற்றை உள்ளே விடாமல் தடுத்துவிடும். இறந்ததும் காவல் நீங்கிவிடுகிறது. நுண்ணுயிர்கள் மெல்ல மெல்லத் தசைக்குள் நுழைகின்றன. மீனின் குடலில் உணவைச் செரிக்கவைத்த நொதிகள் இப்போது மீனையே செரிக்கத் தொடங்குகின்றன.

ஆட்டு இறைச்சிக்கும் இதுதானே நடக்கும்? நடக்கும், ஆனால் இவ்வளவு விரைவாக அல்ல. இரண்டு காரணங்களைப் பாருங்கள். ஆட்டின் தசையில் சேமிப்பாக இருக்கும் கிளைகோஜன் என்னும் மாவுப்பொருள், இறந்த பிறகு லாக்டிக் அமிலமாக மாறி இறைச்சியைச் சற்றுப் புளிப்பாக்குகிறது. அந்தப் புளிப்பு நுண்ணுயிர்களின் பெருக்கத்தைத் தாமதப்படுத்தும். மீனிடம் இந்தச் சேமிப்பு குறைவு. இருப்பதையும் வலையில் துடித்துத் துடித்துச் செலவழித்துவிடுகிறது.

இரண்டாவது காரணம், மீனின் உடலமைப்பு. தரையில் நிற்கும் ஆடு தன் எடையைத் தானே தாங்க வேண்டும். அதனால் அதன் தசைநார்களை இணைப்புத் திசுக்கள் இறுகக் கட்டிவைத்திருக்கின்றன. மீனின் எடையைத் தண்ணீர் தாங்கிக்கொள்கிறது. எனவே அதற்கு அவ்வளவு கட்டுமானம் தேவையில்லை, தசை மென்மையானது. ஆட்டுக்கறி குக்கரில் பல விசில்கள் கேட்கிறது. வஞ்சிரத் துண்டு சில நிமிடங்களில் வெந்துவிடுகிறது. இந்த மென்மையே அதை விரைவில் கெடவும் விடுகிறது.

நாற்றம் சொல்லும் செய்தி

பழைய கடல் மீனின் ‘கவிச்சி’ வாடையை நீங்கள் அறிவீர்கள். அது எங்கிருந்து வருகிறது?

கடல் நீரில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. உப்புக் கடலில் வாழும் மீன்களின் தசையில் டிரைமெதில் அமீன் ஆக்சைடு என்னும் பொருள் இருக்கிறது. கடல் வாழ்வில் மீனின் புரதங்கள் குலைந்துவிடாமல் காப்பதில் அதற்குப் பங்குண்டு. அதற்கு வாடை கிடையாது. மீன் இறந்த பிறகு, நுண்ணுயிர்கள் இந்தப் பொருளிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொள்கின்றன. மிஞ்சுவது டிரைமெதில் அமீன். கவிச்சி வாடைக்கு முக்கியக் காரணம் இதுதான். மிகச் சிறிதளவு காற்றில் கலந்தாலும் நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். அந்த வாடை ஏற ஏற, நுண்ணுயிர்கள் அவ்வளவு நேரம் வேலை செய்திருக்கின்றன என்று பொருள்.

சென்னைக்கு மேற்கே இருப்பவர்கள் இதை எளிதில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பூந்தமல்லிக்கு அருகே செம்பரம்பாக்கம், ஆவடியில் பருத்திப்பட்டு, அம்பத்தூரில் அம்பத்தூர் ஏரி என்று உங்களைச் சுற்றி ஏரிகள். கட்லா, ரோகு, விரால் போன்ற நன்னீர் மீன்களில் மேற்சொன்ன பொருள் பெரும்பாலும் மிகக் குறைவு. அதனால் அவற்றில் கடல் மீனின் கவிச்சி இருப்பதில்லை. ஏரி மீனில் சில சமயம் வரும் மண்வாடை வேறு. அது ஜியோஸ்மின் என்னும் பொருளால் வருவது. நீரிலுள்ள சில நீலப்பச்சைப் பாசிகளும் பாக்டீரியாக்களும் அதை உண்டாக்குகின்றன. முதல் மழையில் மண் மணக்கிறதே, அந்த மணத்துக்கும் இதே ஜியோஸ்மின்தான் காரணம்!

பனிக்கட்டியின் கணக்கு

நுண்ணுயிர்களை நாம் முழுவதும் அகற்ற முடியாது. ஆனால் அவற்றின் வேலையை மெதுவாக்கலாம். அதற்கு மிக எளிய கருவி ஐஸ் என்று நாம் சொல்லும் பனிக்கட்டி.

மீன் ஆய்வாளர்கள் பயன்படுத்தும் ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். மீன் இருக்கும் வெப்பநிலையை (செல்சியஸ் அளவில்) பத்தால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கப்படுத்துங்கள். பனிக்கட்டியில் இருப்பதைப்போல் எத்தனை மடங்கு விரைவாக அந்த மீன் கெடும் என்பது கிடைக்கும். 5 டிகிரியில் 1.5 × 1.5 = 2.25 மடங்கு. 10 டிகிரியில் 2 × 2 = 4 மடங்கு. அதாவது, 10 டிகிரியில் ஒரு நாள் இருந்த மீனும், பனிக்கட்டியில் நான்கு நாள் இருந்த மீனும் ஏறத்தாழச் சமம். இந்தக் கணக்கு குறைந்த வெப்பநிலைகளுக்குத்தான் பொருந்தும். சென்னை வெயிலில் 30 டிகிரிக்கு மேல் கிடக்கும் மீனுக்கு நாள் கணக்கே கிடையாது, மணிக் கணக்குதான்.

நமக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. நம் கடல் நீர் ஏறத்தாழ 28 டிகிரி வெப்பம் உடையது. அதில் வாழும் மீனின்மேல் இருக்கும் நுண்ணுயிர்கள் வெப்பத்துக்குப் பழகியவை. பனிக்கட்டியில் வைத்ததும் அவை பெரும்பாலும் முடங்கிவிடுகின்றன. குளிர்நாட்டுக் கடல் மீனின் நுண்ணுயிர்களோ குளிருக்குப் பழகியவை. அதனால் நம் மீன்கள் பனிக்கட்டியில் பொதுவாகக் கூடுதல் நாட்கள் தாங்குகின்றன. படகில் பல நாள் கிடந்த வஞ்சிரமும் நல்ல நிலையில் கரைக்கு வருவது இதனால்தான்.

ஒரு கிலோ மீனைக் குளிர்விக்க எவ்வளவு பனிக்கட்டி வேண்டும்? கணக்கிடுவோம். ஒரு கிராம் மீனின் வெப்பத்தை 1 டிகிரி குறைக்க ஏறத்தாழ 0.85 கலோரியை அதிலிருந்து எடுக்க வேண்டும். 30 டிகிரியில் இருக்கும் 1000 கிராம் மீனை 0 டிகிரிக்குக் கொண்டுவர:

1000 × 0.85 × 30 = 25,500 கலோரி.

ஒரு கிராம் பனிக்கட்டி உருகும்போது 80 கலோரி வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. இதைத்தான் ‘உருகுதலின் உள்ளுறை வெப்பம்’ என்று உங்கள் பாடப் புத்தகம் சொல்கிறது. ஆகவே,

25,500 ÷ 80 = ஏறத்தாழ 319 கிராம்.

மூன்றில் ஒரு பங்கு பனிக்கட்டி போதும் போலிருக்கிறதே! ஆனால் பெட்டியின் சுவர் வழியாக வெளிவெப்பம் இடைவிடாமல் உள்ளே வந்துகொண்டிருக்கும். அதையும் சேர்த்துத்தான் நம் போன்ற வெப்ப நாடுகளில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ பனிக்கட்டி என்று வைக்கச் சொல்கிறார்கள்.

பனிக்கட்டிக்குப் பதில் அதே 0 டிகிரியில் இருக்கும் குளிர்ந்த நீரை ஊற்றினால் என்ன? ஒரு கிராம் நீர் 5 டிகிரிக்குச் சூடாகும்போது 5 கலோரியைத்தான் வாங்கிக்கொள்ளும். பனிக்கட்டியோ 80 கலோரியை வாங்கிக்கொண்டும் அதே 0 டிகிரியிலேயே நிற்கும். மேலும் அது உருகி வழியும் நீர், மீனின் மேலிருக்கும் வழவழப்பையும் நுண்ணுயிர்களையும் கழுவிக்கொண்டு போகிறது. அதனால்தான் நல்ல மீன்பெட்டியின் அடியில் நீர் வடிய ஒரு துளை இருக்கும். பனிக்கட்டியைப் பெரிய பாளமாக வைக்காமல் உடைத்துத் தூளாக்கி இட்டால் மீனை எல்லாப் பக்கமும் தொடும், விரைவில் குளிரும்.

கடற்கரையில் ஓர் ஐஸ் வீடு

மெரினாவில் மீன் சாப்பிட்டுவிட்டுக் காமராஜர் சாலையைப் பாருங்கள். வட்ட முகப்புடைய ஓர் அழகிய பழைய கட்டடம் தெரியும். இன்று அது விவேகானந்தர் இல்லம். 1897-ல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கியிருந்தார். ஆனால் அந்தப் பகுதியை இன்றும் மக்கள் ‘ஐஸ் ஹவுஸ்’ என்றே அழைக்கிறார்கள். ஏன் தெரியுமா? அது பனிக்கட்டியைச் சேமித்து வைக்கவே 1842-ல் கட்டப்பட்ட கிடங்கு!

அந்தப் பனிக்கட்டி அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது. பாஸ்டன் நகரத்து வணிகர் பிரெடெரிக் டியூடர், குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளிலிருந்து பனிப் பாளங்களை வெட்டி வெப்ப நாடுகளுக்கு அனுப்பினார். அவருடைய முதல் கப்பல் போன இடம் கரீபியக் கடலில் இருக்கும் மார்த்தினிக் தீவு. ஆண்டு 1806, சரக்கு ஏறத்தாழ 130 டன். பனி அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் தீவில் அதைச் சேமிக்க ஒரு கிடங்கு இல்லை. கண்ணெதிரே உருகிப் போயிற்று. டியூடருக்குப் பெரும் நட்டம்.

அவர் பாடம் கற்றுக்கொண்டார். பாளங்களை நெருக்கி அடுக்கவும், இடையில் மரத்தூளை இட்டு வெளிவெப்பத்தைத் தடுக்கவும், சேரும் துறைமுகத்தில் கிடங்கு கட்டவும் வழி கண்டார். 1833-ல் கல்கத்தாவுக்கு 180 டன் பனி புறப்பட்டது. நான்கு மாதப் பயணம். இருமுறை நிலநடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். அப்படியும் ஏறத்தாழ 100 டன் கரை சேர்ந்தது! அதன் பிறகுதான் சென்னையில் ஐஸ் ஹவுஸ் எழுந்தது. பின்னாளில் எந்திரங்களால் இங்கேயே பனிக்கட்டி செய்ய முடிந்ததும் அந்த வணிகம் நின்றுபோயிற்று.

மரத்தூள் பனியைக் காத்தது எப்படி? தூளின் இடையே அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. இன்று மீன் வரும் வெள்ளைத் தெர்மக்கோல் பெட்டியும் பெரும்பாலும் அடைபட்ட காற்றுதான். டியூடரின் மரத்தூளும் ஆவடி மீன் வியாபாரியின் தெர்மக்கோலும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

ஐஸ் ஹவுஸ் காலத்துப் பனிக்கட்டி, வசதி படைத்தவர்களின் பானங்களைக் குளிர்விக்கவே பெரும்பாலும் பயன்பட்டது. மீனுக்கு அது எட்டவில்லை. அந்நாளில் கடலுக்குத் தொலைவில் இருந்த ஊர்களுக்குக் கெடாமல் போய்ச் சேர்ந்தது கருவாடு. உப்பும் வெயிலும் மீனிலிருந்து நீரை எடுத்துவிடும். நீர் இல்லாவிட்டால் நுண்ணுயிர்கள் பெருக முடியாது. குளிரால் செய்யும் வேலையை நம் முன்னோர் உப்பால் செய்தார்கள்.

புளி செய்யும் வேலை

மீன் குழம்பில் ஏன் புளி சேர்க்கிறோம்? ஏன் மாங்காய் போடுகிறோம்? வறுத்த மீனுடன் ஏன் எலுமிச்சைத் துண்டு தருகிறார்கள்? சுவைக்காக என்பீர்கள். சுவையோடு வேதியியலும் இருக்கிறது.

கவிச்சி வாடைக்குக் காரணமான டிரைமெதில் அமீன் ஒரு காரம். புளியில் டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம், வினிகரில் அசெட்டிக் அமிலம் இருக்கின்றன. அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பு உண்டாகும் அல்லவா? அந்த உப்பு ஆவியாகிப் பறக்காது. பறக்காததால் மூக்குக்கு எட்டாது. வாடை அடங்கிவிடும்.

இந்த வித்தையை உலகெங்கும் கடலோர மக்கள் தங்கள் அனுபவத்தில் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகருக்கு அருகே ஹெல்ஷயர் கடற்கரை இருக்கிறது. நம் மெரினாக் கடைகளைப்போல் அங்கேயும் கொட்டகைகளில் முழு மீனைப் பொரித்துத் தருவார்கள். அதன்மேல் வெங்காயமும் காரமான மிளகாயும் ஊறிய வினிகரை ஊற்றிச் சாப்பிடுவது அந்நாட்டு வழக்கம். மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் சமைக்கும் முன்பே மீனை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைப்பார்கள். அந்தத் தீவுகளுக்கு 1853, 1854 ஆம் ஆண்டுகளிலிருந்து புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். இன்றும் அங்கே ‘கொலொம்போ’ என்னும் மசாலாக் குழம்பு பெயர் பெற்றது. ‘குழம்பு’ என்ற நம் சொல்லே அப்படித் திரிந்தது என்று பலர் கருதுகிறார்கள்; கொழும்பு நகரின் பெயர் என்பாரும் உண்டு.

இங்கே ஒன்றை நன்றாக நினைவில் வைக்க வேண்டும். புளி வாடையை அடக்குகிறது. ஆனால் கெட்ட மீனை அது நல்ல மீனாக்கிவிடுவதில்லை. நம்பிக்கை வரவில்லையா? செய்து பாருங்கள்.

செய்து பாருங்கள்

வீட்டில் கடல் மீன் கழுவும் நாளில், முதல் முறை கழுவிய நீரில் கொஞ்சம் எடுத்து மூன்று பழைய தம்ளர்களில் கால் பாகம் ஊற்றுங்கள். பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும்.

முதல் தம்ளரை அப்படியே விடுங்கள். முகர்ந்தால் கவிச்சி வாடை தெரியும்.

இரண்டாவது தம்ளரில் ஐந்தாறு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுக் கலக்குங்கள். சற்றுப் பொறுத்து முகர்ந்தால் வாடை வெகுவாகக் குறைந்திருக்கும்.

மூன்றாவது தம்ளரிலும் அதே அளவு எலுமிச்சைச் சாறும், ஒரு சிட்டிகை மஞ்சள் தூளும் போடுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்து, மேலே நிற்கும் தெளிந்த நீரைக் கரண்டி கரண்டியாக இதில் ஊற்றிக் கலக்குங்கள். மஞ்சள் நிறம் ஆரத்தித் தண்ணீர்போலச் சிவப்பாக மாறும் வரை ஊற்றுங்கள். சிவப்பு வந்துவிட்டால் அமிலம் தீர்ந்து கரைசல் காரமாகிவிட்டது என்று பொருள். இப்போது தம்ளரைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, கையால் காற்றை விசிறி முகர்ந்து பாருங்கள்.

போன வாடை திரும்பி வந்துவிட்டது!

எலுமிச்சை அந்தப் பொருளை அழிக்கவில்லை, பூட்டித்தான் வைத்திருந்தது என்பது தெரிகிறதா? சுண்ணாம்பு பூட்டைத் திறந்துவிட்டது. (சுண்ணாம்பு நீர் கண்ணில் படக்கூடாது. சோதனை முடிந்ததும் மூன்றையும் கொட்டிவிட்டுக் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.)

ஆகவே மீனை முகர்ந்து பார்க்க வேண்டியது புளியும் மசாலாவும் சேர்வதற்கு முன்னால்.

தீயால் ஆகாதது

“எப்படியும் கொதிக்கும் எண்ணெயில் வறுக்கப் போகிறோம். எல்லாக் கிருமியும் செத்துவிடாதா?” என்று சிலர் கேட்பார்கள். கிருமிகள் சாகும், உண்மைதான். காய்ந்த எண்ணெயின் வெப்பம் 170, 180 டிகிரி இருக்கும். துண்டின் மேற்பரப்பிலிருக்கும் நீர் ஆவியாகிப் பறக்கிறது. ‘சொய்ங்’ ஓசை அதுதான். மேற்பரப்பு உலர்ந்ததும் அங்கே வெப்பம் 100 டிகிரியைத் தாண்டும். புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து பொன்னிறத்தையும் மணத்தையும் தருகின்றன. 1912-ல் பிரெஞ்சு அறிஞர் மயார் விளக்கிய வினை இது.

ஆனால் கிருமிகள் சாவதற்கு முன் செய்துவைத்துப் போனதைத் தீ அழிப்பதில்லை. வஞ்சிரம், சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் மிகுதி. பனிக்கட்டி இல்லாமல் வெப்பத்தில் கிடந்தால் சில பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமின் என்னும் பொருளாக மாற்றிவிடுகின்றன. ஒவ்வாமையின்போது நம் உடலிலேயே சுரக்கும் பொருளும் இதுதான். இது மிகுந்த மீனைச் சாப்பிட்டால், சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் முகம் சிவக்கும், உடல் அரிக்கும், தலைவலியும் படபடப்பும் வரலாம். பலருக்கு ஒரு நாளில் சரியாகிவிடும் என்றாலும் உடனே மருத்துவரைப் பார்ப்பதே நல்லது. மூச்சுத் திணறினால் சிறிதும் தாமதிக்கக் கூடாது.

ஹிஸ்டமினை வறுத்தாலும் போக்க முடியாது. குழம்பில் கொதிக்கவைத்தாலும் போக்க முடியாது. பிறகு பனிக்கட்டியில் வைத்தாலும் உண்டானது உண்டானதுதான். கெட்ட வாடை எழுவதற்கு முன்பே கூட அது சேர்ந்துவிடலாம். இங்கே நம் மூக்கும் ஏமாந்துபோகும். முதலிலிருந்தே மீனைக் குளிரில் வைத்திருப்பது ஒன்றே இதற்குக் காப்பு.

கடையில் நிற்கும்போது

இப்போது நீங்கள் பாதி விஞ்ஞானி. சந்தைக்குப் போனால் என்ன பார்ப்பீர்கள்?

கண்: தெளிவாக, சற்று உருண்டு வெளியே தெரிய வேண்டும். குழிந்து மங்கியிருந்தால் பழையது.

செவுள்: மூடியைத் தூக்கினால் உள்ளே நல்ல சிவப்பு இருக்க வேண்டும். பழுப்பேறி வழவழத்தால் வேண்டாம்.

தசை: விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே மேலெழும்ப வேண்டும். மீன் விறைத்திருந்தால் இன்னும் நல்லது. இறந்த சில மணி நேரங்களில் வரும் அந்த விறைப்பு பிறகு தளர்ந்துவிடும்.

மணம்: கடல் நீரின் மணம் நல்லது. கவிச்சியோ அமோனியா நெடியோ எழுந்தால் விலகுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மீனைச் சுற்றிப் பனிக்கட்டி இருக்கிறதா என்று பாருங்கள்.

வறுத்த மீன் கடையில் கண்ணும் செவுளும் இருக்காது. மசாலா நிறத்தை மறைத்துவிடும். எலுமிச்சை வாடையை அடக்கிவிடும். அங்கே நீங்கள் பார்க்க வேண்டியது கடையின் பின்பக்கத்தை. ஐஸ் பெட்டி இருக்கிறதா? கொஞ்சம் கொஞ்சமாக அதிலிருந்து எடுத்து வறுக்கிறார்களா? மசாலா தடவிய தட்டின் அடியிலும் பனிக்கட்டி இருக்கிறதா? ஆம் என்றால், அது மெரினாவானாலும் சரி, ஆவடிக் கடைத்தெருவானாலும் சரி, நல்ல கடை.

வீட்டுக்கு மீன் வாங்கும்போதும் ஒன்று செய்யலாம். சந்தையில் மற்றச் சாமான்களையெல்லாம் வாங்கிவிட்டுக் கடைசியாக மீன் வாங்குங்கள். மூடியுள்ள பாத்திரம் ஒன்றைக் கொண்டுபோய், மீன்கார அம்மாவிடம் இரண்டு கை ஐஸ் போட்டுத் தரச் சொல்லுங்கள். படகில் ஐந்து நாள் பனிக்கட்டிக்குள் பத்திரமாக வந்த வஞ்சிரத்தை, வீட்டுக்கு வரும் கடைசி இரண்டு மணி நேரத்தில் வெயிலில் கெடுத்துக்கொள்வானேன்?

அடுத்த முறை கடற்கரையில் அப்பா, “கடலோரம்னா புது மீனு!” என்று சொன்னால், இந்தக் கதையை அவருக்குச் சொல்லுங்கள். கடைக்காரரின் ஐஸ் பெட்டியைக் காட்டிச் சொன்னால் இன்னும் நன்றாகப் புரியும்.

சிந்தித்துப் பாருங்கள்

1. பனிக்கட்டி இட்ட பெட்டியில் 0 டிகிரியிலிருந்த மீனை, ஒரு நாள் முழுவதும் 8 டிகிரி இருக்கும் குளிர்பெட்டியில் வைத்தால், அது பனிக்கட்டியில் எத்தனை நாள் இருந்ததற்குச் சமம்?

2. 28 டிகிரியில் பிடிபட்ட 50 கிலோ மீனை 0 டிகிரிக்குக் குளிர்விக்க, வெளிவெப்பம் உள்ளே வராது என்று கொண்டால், எவ்வளவு பனிக்கட்டி வேண்டும்?

3. கருவாட்டுக்குப் பனிக்கட்டி தேவையில்லை. மழைக்காலத்தில் மட்டும் அதற்கு அதிகக் கவனம் தேவைப்படுகிறது. ஏன்?